ஊட்டி வீட்டுக் கணப்பும் ஒரு சட்டிக் கரியும்



அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் ஊட்டியில் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கும் பழக்கம் நம் காஞ்சிபுரத்திலும் பெருகிவிட்டது. போய் இறங்கிய இரவே போன் வரும். "சார், அறை ஐஸ் மாதிரி இருக்கு. ஹீட்டர் கிடையாது. சுவரில் கணப்பு இருக்கு, ஆனா மூடி வச்சிருக்காங்க." அந்தக் கணப்பின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

குளிர் காய்வது தமிழனுக்குப் புதிதல்ல. நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்கால மதுரையைப் பாடும்போது, அகன்ற வாயுடைய நெருப்புச் சட்டியைத் 'தடவு' என்கிறார். மலைக்குப் புதிதாக வந்தது புகைக்கூண்டு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். 1822-இல் அங்கே கல் வீடு கட்டத் தொடங்கினார். உள்ளூர் மக்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். இன்று அது ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அடுத்தடுத்து வந்த வெள்ளையர் பங்களாக்களில் கணப்பு இல்லாத அறையைக் காண்பது அரிது.

இத்தனை கணப்புக்கும் விறகு வேண்டாமா? சோலைக் காடுகளை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. 1843-இல் கேப்டன் காட்டன் என்பவர் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸைக் கொண்டுவந்தார். மலைவாசிகள் கற்பூர மரம் என்பது அதைத்தான். யூகலிப்டஸ் எதற்கு வந்தது என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "தைலத்துக்கு" என்பீர்கள். பெரிய அளவில் நட்டது விறகுக்காகத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊட்டி, சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். அரசாங்கம் வெயிலுக்கு மலையேறிவிட்டு, உறைபனிக்கு முன்பே இறங்கிவிடும். கோடையிலேயே கணப்பு மூட்டியவர்களின் வீட்டில், 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவில் கணப்பே இல்லாமல் நாம் படுக்கிறோம்! பல வீடுகளில் புகைக்கூண்டை அடைத்துவிட்டு, முகப்பை அழகுக்கு விட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து. குளிர் தாங்காமல் கரிச்சட்டி கேட்கிறோம். காவலாளியும் அன்போடு கொண்டுவருகிறார். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். பழைய கணப்பில் சூடான காற்று கூண்டு வழியே மேலேறி இந்த நஞ்சையும் வெளியே இழுத்துப் போகும். சட்டிக்கு அந்த வழி கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழவே இல்லை.

ஆகவே, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மதியம் ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விட்டு, நான்கு மணிக்குள் மூடுங்கள். எல்லோரும் ஒரே சிறிய அறையில் படுங்கள். தரையில் ஜமுக்காளம், காலுக்குக் கம்பளிச் சாக்ஸ், ரப்பர் பையில் வெந்நீர். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கணப்பு மூட்டித் தருகிறோம் என்றால், கூண்டு திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கரிச்சட்டி வந்தால் முற்றத்திலேயே வைத்துக் குளிர் காய்ந்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு உள்ளே போங்கள்.

இந்த வாரம் மலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.