சிற்றளவு வாகன மாதிரிகளில் கம்பி அமைத்தல்

சிற்றளவு வாகன மாதிரிகளில் கம்பி அமைத்தல் என்பது, உண்மையான வாகனத்தின் எந்திரத்தில் உள்ள மின்கம்பிகளைப் பிளாஸ்டிக் மாதிரியில் சிறிய அளவில் செய்து பொருத்தும் கைவினை ஆகும். பல மாதிரித் தொகுப்புகளில் இக்கம்பிகள் இடம்பெறுவதில்லை. ஆதலால் எளிதில் கிடைக்கும் பொருட்களே பயன்படுகின்றன.

கம்பியின் தடிமன் மாதிரியின் அளவு விகிதத்துக்குப் பொருந்த வேண்டும். 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்பார்க் பிளக் கம்பி, 1:24 மாதிரியில் ஏறத்தாழ 0.33 மி.மீ. ஆகும். அங்கே 1 மி.மீ. கம்பியைப் பொருத்தினால் அது 24 மி.மீ. குழாயைப் போலத் தோன்றும்.

மின்வயரை உரித்து எடுக்கும் செப்பிழை, வளைத்தபடியே நிற்கும். தூண்டில் நரம்பு மீண்டும் நிமிர முயலும். பாலிசுட்டைரீன் துண்டைச் சுடரருகே இளக்கி இழுத்தும் மெல்லிய இழை பெறலாம். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை உலோகத்தில் ஒட்டாது என்பதால், செப்பிழைக்குச் சயனோஅக்ரிலேட்டுப் பசை பயன்படுகிறது.