காரை மண்ணரிப்புப் பள்ளங்களில் நடைப்பயணம்

காரை மண்ணரிப்புப் பள்ளங்கள் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் காரை சிற்றூரை அடுத்து அமைந்துள்ளன. இங்கு பல நாள் நடைப்பயணம் மேற்கொள்ளும் புதியவர்கள் அருகிலுள்ள ஊரில் தங்கி, ஒவ்வொரு நாளும் ஓரிடம் சென்று திரும்புவது ஏற்றதாகும்.

நில அமைப்பு

கடினப் பாறையை ஆறு அறுத்து உருவாக்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு இதுவன்று. மென்மையான களிமண் படிவை மழைநீர் அரித்ததால் சிறு ஓடைகளும் முகடுகளும் தோன்றியுள்ளன. இப்படிவு கிரீத்தேசியக் காலத்தில் (14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) கடலடியில் உருவானது. அம்மோனைட்டு, பெலம்னைட்டு ஆகிய கடல் உயிரிகளின் புதைபடிவங்களும் ஜிப்சப் படலங்களும் இதில் காணப்படுகின்றன.

இடர்கள்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதையடுத்துத் தமிழ்நாடு அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இடம்பெறவில்லை. ஆகவே இங்கு செல்வோர் பாதுகாப்பைத் தாமே திட்டமிட வேண்டியுள்ளது.

* வெப்பம்: பள்ளங்களில் மரநிழல் மிகக் குறைவு. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. விடியலில் புறப்பட்டு முற்பகலில் திரும்புதல் நன்று.
* நீர்: அரைநாள் நடைக்கு ஒருவருக்கு 3 லிட்டர் குடிநீரைக் கொண்டு செல்லுதல் பாதுகாப்பானது.
* மழை: நனைந்த களிமண் வழுக்கும். ஓடைகளில் திடீரென நீர் பெருகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது.
* வழி: ஓடைகள் ஒன்றுபோல் தோன்றுவதால் திசை தவற வாய்ப்புண்டு. முகட்டின் மேல் நடந்தால் ஊர் கண்ணில் படும். அடிமண் அரிக்கப்பட்ட விளிம்புகளில் நிற்கக் கூடாது.

மூன்று நாள் திட்டம்

முதல் நாள் காரைப் பள்ளங்கள். இரண்டாம் நாள் அதே மாவட்டத்தின் சாத்தனூர். இங்குள்ள சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தார். மூன்றாம் நாள் அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்தில் உள்ள வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகமும், 2024இல் ராம்சார் தலமான கரைவெட்டிப் பறவைகள் காப்பகமும். பெயர் ஒத்திருப்பினும் காரையும் கரைவெட்டியும் வெவ்வேறு இடங்கள். இவ்விடங்களுக்கிடையே சாலைவழி செல்லலாம். இரவுத் தங்கலுக்குப் பெரம்பலூரும் அரியலூரும் வசதியானவை.

புதைபடிவப் பாதுகாப்பு

ஒரு புதைபடிவத்தின் காலத்தை அறிய அது கிடந்த படிவடுக்கே முதன்மைச் சான்று. அதை எடுத்துச் சென்றால் கல் மட்டுமே எஞ்சும். அது கூறும் வரலாறு அழிந்துவிடும். ஆகவே படம் எடுத்தபின் இருந்த இடத்திலேயே விட்டுவிடுதல் வேண்டும். புதைபடிவங்களை நெருங்கிக் காண விரும்புவோருக்கு வாரணவாசி அருங்காட்சியகம் ஏற்றதாகும்.