இசை நிகழ்ச்சி டிக்கெட்: ரசிகர்களுக்கு எது நியாயமான விலை?

தென்னிந்தியப் பாடகர் ஒருவரை நேரில் கேட்க விரும்பும் உடப்பு, முந்தல், கற்பிட்டி ரசிகர்களுக்கு டிக்கெட் முதல் செலவு மட்டுமே. பெரிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோதான் நடக்கின்றன. புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. நள்ளிரவில் திரும்ப வேன் பிடித்தால், சில வேளை டிக்கெட்டை விட அதற்கே கூடுதல் செலவாகும்.

விலை ஏன் ஏறுகிறது?

கலைஞர்களின் சம்பளம், விமானப் பயணம், தங்குமிடம், மேடை, ஒலி, ஒளி, பாதுகாப்பு எல்லாம் டிக்கெட்டில் சேர்கின்றன. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு வெளிநாட்டு நாணயத்தில் கொடுக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. உள்ளூராட்சி மன்றங்களின் களியாட்ட வரியும் உண்டு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது.

மறுபக்கத்தில், 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 27,000 ரூபா, நாளொன்றுக்கு 1,080 ரூபா என உயர்ந்தது. டிக்கெட் 5,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அது அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்து நாள் கூலி. கரைவலை இழுப்பவருக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. மீன் பட்டால்தான் பங்கு.

இலவசமா, கட்டணமா?

2023 ஒக்டோபர் 21 அன்று யாழ். முற்றவெளியில் சந்தோஷ் நாராயணனின் ‘யாழ் கானம்’ இலவசமாக நடந்தது. 2024 பெப்ரவரி 9 அன்று அதே இடத்தில் நடந்த ஹரிஹரன் நிகழ்ச்சியில் கட்டணப் பகுதியும் இலவசப் பகுதியும் இருந்தன. பின்னால் நின்றவர்கள் தடுப்புகளை உடைத்து முன்னால் வர, நிகழ்ச்சி குழம்பியது. பணம் கொடுத்தவர்களும் நிம்மதியாகப் பார்க்கவில்லை.

கட்டணம் மட்டும் ஒழுங்கைத் தந்துவிடாது. 2023 செப்டெம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிய பலர் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினர். ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். டிக்கெட்டின் பிரதியை அனுப்புமாறு ரஹ்மானே கேட்டுக்கொண்டார்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

- இருக்கை இலக்கம் உண்டா, நிற்க வேண்டுமா?
- மழையால் திகதி மாறினால் பணம் திரும்புமா?
- குடும்பமாக வருவோருக்குக் கழிப்பறை, குடிநீர், வெளியேறும் வழி எப்படி?
- நிகழ்ச்சி முடிந்ததும் பஸ் உண்டா?

எது நியாயம்?

எங்கள் கரையோரக் கோயில், தேவாலயத் திருவிழாக்களில் இசைக்குழு பாடும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை. உபயகாரர் செலவைத் தாங்குகிறார். பெரிய நிகழ்ச்சிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே முறையை ஓரளவு பின்பற்றலாம்: முன்வரிசைக்கு வசதியுள்ளவரும் விளம்பரதாரரும் கூடுதலாகக் கொடுக்கட்டும், ஒரு நாள் கூலிக்குள் அடங்கும் பகுதி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் உட்பட, போரால் இடம்பெயர்ந்த பலருக்கு யாழ்ப்பாணப் பயணம் ஊர் பார்க்கும் பயணமும்தான். அவர்களை நுழைவாயிலிலேயே நிறுத்திவிடாத விலையே நியாயமான விலை.