அரைமணி நேரத்தின் வலிமை: இளையோர் ஆவண நிகழ்ச்சிகளும் அக்குறணையும்

1. பொருளும் எல்லையும்

இளையோர் ஆவண நிகழ்ச்சி என்று இங்கே சொல்வது செய்தியையோ பாட்டுப் போட்டியையோ அல்ல. இளம் தயாரிப்பாளர் ஒருவர் கமராவோடு ஓர் ஊருக்குப் போய், அங்குள்ளோரின் தொழில், உணவு, பிணக்கு எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துத் தொகுக்கும் சொந்தத் தயாரிப்பை. இதற்கு முழு அலைவரிசை வேண்டுமா, வாரம் அரைமணி நேரம் போதுமா என்பதே ஆய்வு வினா.

2. முழு அலைவரிசை

2016 பெப்ரவரி 29 அன்று அமெரிக்காவில் 'வைஸ்லாண்ட்' அலைவரிசை தொடங்கியது. எடி ஹுவாங் உணவைத் தேடி ஊர் ஊராகப் போன 'ஹுவாங்ஸ் வேர்ல்ட்' போன்ற தொடர்கள் அதன் அடையாளமாக இருந்தன. நிகழ்ச்சிகள் பேசப்பட்டன, ஆனால் 24 மணி நேரத்தையும் நிரப்புவது பெருஞ்செலவு. தவிர, அவை யாருக்காக எடுக்கப்பட்டனவோ அந்த இளையோர் கேபிள் தொலைக்காட்சியை விட்டு ஏற்கனவே விலகிக்கொண்டிருந்தார்கள். கனடாவில் அதே பெயரில் இயங்கிய அலைவரிசை 2018 மார்ச் இறுதியில் மூடப்பட்டது.

3. அரைமணி மாதிரி

இலங்கையில் கதை வேறு. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி, தொண்ணூறுகளில் தனியார் நிலையங்கள் என வரிசையாக வந்தன. ஒளிபரப்ப அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1995இல் கொழும்பில் தொடங்கிய யங் ஏசியா டெலிவிஷன் அலைவரிசை எதையும் நடத்தவில்லை. நிகழ்ச்சியைத் தயாரித்துப் பிற நிலையங்களில் ஒளிபரப்பியது. சமாதானம், அபிவிருத்தி, இளையோர் வாழ்வு ஆகியவை அதன் பொருள்கள். அதன் நிகழ்ச்சிகளின் பெயர் சிங்களத்தில் 'ஸதி', தமிழில் 'விழிப்பு'.

இந்தப் பெயர்களே ஒரு பாடம். 'ஸதி' பாளி வழிச் சொல். நினைவோடிருத்தல் என்று பொருள். தமிழ்க் காதுக்கோ அது 'சதி', அதாவது சூழ்ச்சி. ஒரே ஒலி ஒரு வீட்டில் விழிப்பாகவும் அடுத்த வீட்டில் சந்தேகமாகவும் கேட்கும் நாட்டில், ஒரு நிகழ்ச்சியை எடுத்து மற்ற மொழிக்குக் குரல் மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது.

4. அக்குறணை

கண்டி–மாத்தளை வீதியில் உள்ள அக்குறணையில் இரண்டு காதுகளும் ஒரே தலையில் இருக்கின்றன. வீட்டில் உம்மா, வாப்பாவோடு தமிழ். கடையில் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிங்களம். இத்தகைய இளைஞன் இந்த நிகழ்ச்சி வகைக்குப் பார்வையாளன் மட்டுமல்லன், பிறவித் தயாரிப்பாளன்.

ஊர் வழியே ஓடும் பிங்கா ஓயா பெருகும் நாளைப் பாருங்கள். கடைக்காரர் சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றுகிறார். வாசலில் நிற்கும் பையன், பழுப்பு நீர் ஷட்டரில் மோதுவதைக் கைபேசியில் பிடிக்கிறான். அந்த இருபது விநாடி மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றும். தண்ணீர் வடிந்ததும் மறந்துபோகும். ஆவணம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஓயாவின் கரை எங்கே குறுகியது, எந்தக் கட்டடம் நீரின் வழியில் நிற்கிறது, கட்டுகஸ்தோட்டைக்கு அருகே மகாவலியில் சேரும்வரை இரு கரைகளிலும் இருப்போர் இதை எந்த மொழியில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க, வெயில் நாளில் திரும்பிப் போக வேண்டும்.

துணுக்குக் காணொளியின் ஆபத்தையும் கண்டி கண்டிருக்கிறது. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது, வெறுப்புச் செய்திகளைத் தடுக்க அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. கைபேசிகள் அடங்கின. அக்கம்பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று அறியாதிருந்த குறை அப்படியே இருந்தது.

5. முடிபு

முழு அலைவரிசை இளையோரைத் தன்னிடம் வரச் சொல்கிறது. அரைமணி நிகழ்ச்சி அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. அந்த அரைமணி இன்று தொலைக்காட்சியில் வந்தாலும் யூடியூபில் வந்தாலும் பெரிய வேறுபாடில்லை. வேண்டியவை இரண்டு: இரு மொழிக்கும் தனித்தனியாகச் செய்த தொகுப்பு, அதே ஊருக்கு மறுபடி போகும் பொறுமை. கமரா அந்தப் பையன் கையில் ஏற்கனவே இருக்கிறது. தண்ணீர் வடிந்த மறுவாரம் அவனை ஓயாக் கரைக்கு அனுப்ப ஒரு நிகழ்ச்சிதான் இல்லை.