பிரிந்த பின் நெருங்கும் பிரிட்டனும் ஐரோப்பாவும்: சிவகாசி கவனிக்க வேண்டியவை

ஒரு புஸ்வாணம் ஐரோப்பியக் கடையில் விற்பனைக்கு வர வேண்டுமானால், அங்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வு அமைப்பின் சோதனையில் அது தேற வேண்டும், பிறகே சி.இ. முத்திரை கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் இயற்றிய சட்டம் வாணவேடிக்கைப் பொருள்களை எஃப்1 முதல் எஃப்4 வரை நான்கு வகைகளாகப் பிரித்து, எதை எந்த வயதினருக்கு விற்கலாம் என்றும் வரையறுக்கிறது. 2020 முடியும் வரை பாரிசுக்கும் லண்டனுக்கும் இந்த ஒரே முத்திரை போதுமானதாக இருந்தது. 2021 முதல் பிரிட்டன் யு.கே.சி.ஏ. என்று தனக்கெனத் தனி முத்திரையை அறிமுகப்படுத்தியது. பொருள் அதே, மருந்து அதே. ஆனால் சோதனையும் செலவும் இரண்டு.

இது நீடிக்கவில்லை. தனி முத்திரையைக் கட்டாயமாக்கும் நாளைப் பலமுறை தள்ளிவைத்த பிரிட்டன், 2023 ஆகஸ்டில் பல வகைப் பொருள்களுக்குச் சி.இ. முத்திரையைக் காலவரம்பின்றி ஏற்பதாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் பொம்மைகளுடன் வாணவேடிக்கைப் பொருள்களும் உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய பேச்சுவார்த்தைகள் அனைத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்வு போதும் என்பேன். விதியை எழுதும் அறையிலிருந்து பிரிட்டன் வெளியேறியது. அங்கே எழுதப்படும் விதியிலிருந்து அதனால் வெளியேற முடியவில்லை.

வேறெங்கோ எழுதப்படும் விதி ஓர் ஊரை என்ன செய்யும் என்பதைச் சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. சரவெடிக்கும் தடை வந்தது. அதோடு இங்குள்ள தயாரிப்பு முறையே மாற வேண்டியதாயிற்று.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் சுமார் 52 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தனர். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று எட்டிய வணிக ஒப்பந்தம் சரக்குகளுக்குச் சுங்க வரி இல்லாமல் செய்தது. ஆனால் எல்லைச் சோதனைகளும் சான்றிதழ்களும் வந்துவிட்டன. வட அயர்லாந்துச் சிக்கலைத் தணிக்க 2023 பிப்ரவரியில் விண்ட்சர் உடன்பாடு ஏற்பட்டது. 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த கியர் ஸ்டார்மர், ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், தடையற்ற குடியேற்றம் ஆகிய மூன்றுக்கும் திரும்புவதில்லை என்று கோடு கிழித்துக்கொண்டே நெருக்கத்தைத் தேடினார். 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாடு அதன் முதல் பெரிய விளைவு.

அங்கே பிரிட்டன் கொடுத்தது தன் கடற்பரப்பில் ஐரோப்பியப் படகுகள் மீன்பிடிக்க 2038 வரை அனுமதி. பெற்றது பாதுகாப்புக் கூட்டாண்மையும், உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்கும் ஒப்பந்தத்துக்கான வாக்குறுதியும். இந்த உணவு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. ஐரோப்பா தன் உணவு, கால்நடை விதிகளை மாற்றும்போதெல்லாம், சில விலக்குகள் தவிர, பிரிட்டனும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஐரோப்பியச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் இறுதி வார்த்தை ஐரோப்பிய நீதிமன்றத்துடையது. பிரிட்டனுக்குக் கருத்துச் சொல்ல இடம் உண்டு, வாக்கு இல்லை.

நம் வாசகர்களுக்கு உடனே எழும் கேள்வி ஹலால் இறைச்சி பற்றியதாக இருக்கும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ், வலோனியா பகுதிகளில் மயக்கமூட்டாமல் அறுப்பது 2019-ல் தடை செய்யப்பட்டது. அத்தகைய தடை செல்லும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி, சமய முறைப்படி அறுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. அதைக் கட்டுப்படுத்துவதா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது. பிரிட்டன் சட்டமும் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் இவ்விலக்கைத் தருகிறது. எனவே உணவு ஒப்பந்தம் வந்தாலே ஹலாலுக்குத் தடை வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாளை பிரஸ்ஸல்ஸ் அந்த விதியைத் திருத்தினால் என்னவாகும், விலக்குப் பட்டியலில் இது இடம்பெறுமா என்பதைத்தான் பிரிட்டன் முஸ்லிம் அமைப்புகள் இப்போதே கேட்க வேண்டும்.

அடுத்தது சுங்க ஒன்றியம். 2025 டிசம்பரில் இதற்கான மசோதா ஒன்றை அறிமுகப்படுத்தும் தீர்மானம், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 100-க்கு 100 என்று சமனாகி, துணை சபாநாயகரின் வாக்கால் நிறைவேறியது. அரசு ஆதரவில்லாத அந்த மசோதா சட்டமாகும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. இதில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புபவர் துருக்கியைப் பார்க்கலாம். 1995 இறுதியிலிருந்து ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கும் நாடு அது. ஐரோப்பா வேறொரு நாட்டுடன் தாராள வணிக ஒப்பந்தம் செய்தால், துருக்கியும் தன் வரியை அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். அந்த வேறு நாடோ துருக்கிக்குக் கதவைத் திறக்கக் கடமைப்பட்டதல்ல. ஐரோப்பா இந்தியாவுடன் 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மீண்டும் எடுத்து, 2026 ஜனவரியில் முடித்த பேச்சுவார்த்தையில் அங்காராவுக்கு நாற்காலி போடப்படவில்லை.

பிரிட்டன் இந்தியாவுடன் 2025 ஜூலை 24 அன்று தனி வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளது. இந்திய ஏற்றுமதியில் ஏறக்குறைய 99 விழுக்காட்டுக்கு வரியை நீக்க அது வகைசெய்கிறது. சுங்க ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால் பிரிட்டன் தன் வரியைத் தானே தீர்மானிக்க முடியாது. இந்திய ஒப்பந்தத்தையும் திரும்பப் பேச நேரும். லண்டன் எங்கே கோடு கிழிக்கிறது என்பதில் நமக்கும் பங்கு இருப்பது இதனால்தான்.

மற்றவை பணக் கணக்கு. ஐரோப்பிய ஆயுதக் கொள்முதல் நிதியில் சேரும் பேச்சு, நுழைவுத் தொகையில் உடன்பாடு எட்டாமல் 2025 நவம்பரில் முறிந்தது. மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டத்தில் 2027 முதல் மீண்டும் சேர அடுத்த மாதமே இசைவு ஏற்பட்டது.

சிவகாசிப் பட்டாசு பெரும்பாலும் உள்நாட்டில்தான் விற்கிறது. ஐரோப்பிய வாணவேடிக்கைச் சந்தை சீனாவின் கையில். ஆகவே இப்போதைக்கு இந்தச் செய்திகளைக் கூர்ந்து படிக்க வேண்டியவர்கள் அச்சகத்தார். குழந்தைகள் புத்தகம் அச்சிட்டு அனுப்புபவருக்கு வரியைவிடப் பொருள் பாதுகாப்பு விதிதான் தலைவலி. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் நுகர்பொருளுக்கு, அங்கேயே இருக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்; அவர் பெயரும் முகவரியும் பொருளோடு தரப்பட வேண்டும். லண்டனில் விற்க இது தேவையில்லை. அதே பிரிட்டன் அரசின் கீழுள்ள பெல்ஃபாஸ்டில் விற்கத் தேவை, ஏனெனில் சரக்கு விதிகளில் வட அயர்லாந்து இன்னும் ஐரோப்பாவைப் பின்பற்றுகிறது. ஐரோப்பியப் பொருள் விதிகளோடு ஒத்துப்போகும் அதிகாரத்தைப் பிரிட்டன் அமைச்சர்களுக்குத் தரும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறிவிட்டது. அந்த அதிகாரம் எந்தெந்தப் பொருளில் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து லண்டன் விதியும் மாறலாம். அதுவரை, பிரிட்டனிலிருந்து ஆர்டர் வந்தால் சரக்கு எந்த ஊர்க் கடைக்குப் போகிறது என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.