முறைப்பாட்டுப் புத்தகமும் ஊராரும்

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர் அளவெட்டி. என். கே. பத்மநாதன், வி. தெட்சணாமூர்த்தி ஆகிய மேதைகளின் பெயரோடு சேர்த்தே தமிழுலகம் அதனை அறியும். அத்தகைய ஊரின் பெயர் 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வேறொரு காரணத்தாற் செய்தித்தாள்களில் அடிபட்டது. அம்மாதம் 16ஆம் நாள் மாலை, உள்ளூராட்சித் தேர்தலையொட்டித் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் அங்கே ஒரு கூட்டம் நடத்தினர். பாராளுமன்ற உறுப்பினர் பலர் வந்திருந்தனர். சீருடையணிந்த இராணுவத்தினர் தடிகளோடு உட்புகுந்து கூடியிருந்தோரைத் தாக்கினர் என அவ்வுறுப்பினர்கள் அறிவித்தனர். அடிபட்டோர் பொதுமக்கள் மட்டுமல்லர். உறுப்பினர்களின் பாதுகாப்புக்கென அரசாங்கமே அனுப்பியிருந்த பொலிஸ் உத்தியோகத்தரும் அவர்களுள் அடங்குவர்.

பொலிஸாரே அடிவாங்கும் இடத்தில், அடிபட்ட குடியானவன் யாரிடம் போய் முறையிடுவது? அன்று அளவெட்டியில் இக்கேள்வி எழுந்தது வியப்பன்று. ஆனால் அது அன்று பிறந்த கேள்வியுமன்று. பொலிஸ் நிலையத்தின் வாசற்படியை மிதிக்கத் தயங்கும் மனநிலைக்கு வலிகாமத்திலே நெடிய வரலாறு உண்டு.

ஒல்லாந்தர் காலத்திலும் அதன்பின் பிரித்தானியர் காலத்திலும் யாழ்ப்பாணத்து ஊர்களில் அமைதி காத்தவர் பொலிஸ்காரர் அல்லர், விதானையார். அவருக்கு மேலே உடையார், உடையாருக்கு மேலே மணியகாரர். வேலித் தகராறும், கிணற்றிலே தண்ணீர் முறை பற்றிய பிணக்கும், பனை வடலியின் எல்லை வழக்கும் அவருடைய திண்ணைக்கே போயின. களவு நடந்தால் விதானையாருக்கு அடையாளம் தெரியும். அடையாளம் தெரியாவிடினும் யாரைக் கேட்பது என்பது தெரியும். அவர் பேசியதும் எழுதியதும் தமிழிலே.

இவற்றைக் கொண்டு விதானையார் காலத்தைப் பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. அவர் பெரும்பாலும் நிலபுலமுடைய உயர்சாதிக் குடும்பத்தில் வந்தவர். ஒடுக்கப்பட்ட குலத்தான் ஒருவன் அவருடைய திண்ணையில் ஏறி நின்று நியாயம் கேட்க முடியுமா? முற்றத்திலே நின்று கேட்கவும் துணிவு வேண்டும். 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் செய்தபோது, அவர்களைத் தடுத்தோருக்குத் தலைமை தாங்கிய சி. சுந்தரலிங்கத்தின்மீது, 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தவர் காங்கேசன்துறைப் பொலிஸ் பரிசோதகரே. ஊரதிகாரம் கைவிட்டவனுக்கு வெளியிலிருந்து வந்த சட்டம் கைகொடுத்த தருணங்களும் உண்டு. பொலிஸ் வேண்டாம் என்பது ஒருபோதும் ஊராரின் வழக்கன்று. எத்தகைய பொலிஸ் என்பதே வழக்கு.

இலங்கைப் பொலிஸ் இன்றைய உருவைப் பெற்றது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால். மறு ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் பம்பாய் மாகாணத்திலிருந்து வந்த கம்பெல் என்பார் அதன் தலைமையை ஏற்றார். இலண்டன் நகரில் 1829ஆம் ஆண்டில் றொபேட் பீல் அமைத்த பொலிஸ் படை துப்பாக்கி ஏந்தாதது. நகர மக்களின் இசைவைக்கொண்டு இயங்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது. குடியேற்ற நாடுகளுக்கோ பிரித்தானியர் அந்த மாதிரியை அனுப்பவில்லை. அடங்காத அயர்லாந்தை அடக்குவதற்காக அமைத்த, ஆயுதந்தாங்கிய, படைவீடுகளிலே தங்கிய, தலைநகரின் கட்டளைக்கு மட்டும் கீழ்ப்பட்ட ஐரிஷ் பொலிஸ் முறையையே அனுப்பினர். குடிகளின் நடுவே வாழ்பவனாக அன்றி, குடிகளைக் கண்காணிப்பவனாகவே குடியேற்ற நாட்டுப் பொலிஸ்காரன் பிறந்தான் எனலாம்.

அப்படிப் பிறந்தவனை அவனைப் பெற்ற அரசே முற்றாக நம்பவில்லை என்பது சுவையான செய்தி. சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்போரும் பொலிஸாரும் செய்த சித்திரவதைகளை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்து, 1855ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. சித்திரவதை வழக்கமாகவே நடந்துவந்தது என்பதை அது மறைக்கவில்லை. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், அதைத் தழுவி எழுந்த இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும், பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவன் செய்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக எண்பிக்கலாகாது என விதித்தன. பொலிஸ் நிலையத்துள் ஒருவன் உண்மையைத்தான் சொன்னான் என்று சட்டம் நம்ப மறுத்தது. அந்த மறுப்பு வீண் ஐயமன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலே 2020ஆம் ஆண்டில் சாத்தான்குளத்துப் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டுத் தந்தையும் மகனும் மாண்டது சான்று.

வலிகாமம் வடக்கு மக்களுக்குப் பொலிஸும் கோடும் வெவ்வேறென்ற எண்ணமே நெடுநாள் தெளிவாக இருந்ததில்லை. நீதவான் வழக்கு விசாரிக்கும் மன்றத்துக்கு அக்காலத்தில் ‘பொலிஸ் கோடு’ என்பதே பெயர். மல்லாகத்துப் பொலிஸ் கோட்டுக்கு அளவெட்டியிலிருந்து நடந்தே போகலாம். ஆயினும் தமிழ் தெரிந்த பொலிஸ்காரரும், தமிழ் தெரிந்த பதிவாளரும், தமிழிலே வாதம் கேட்கக்கூடிய நீதவானும் இருந்தவரை, அச்சம் இருந்தாலும் அந்நியம் இருக்கவில்லை.

அந்நியம் புகுந்தது 1956ஆம் ஆண்டிலே. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி எனச் சட்டமாயிற்று. 1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, முதல் நாளே பொலிஸாரின் குண்டாந்தடி அடியை ஏற்றனர். அரசாங்க உத்தியோகத்துக்குச் சிங்களம் கட்டாயமாகியபின் பொலிஸ் சேவையிற் சேர்ந்த தமிழர் தொகை படிப்படியாகக் குறைந்தது. இதன் விளைவை மேடைப் பேச்சுகளில் தேட வேண்டியதில்லை. பொலிஸ் நிலையத்து மேசைமேற் கிடக்கும் முறைப்பாட்டுப் புத்தகத்திலே காணலாம். வயல் வரம்பை வெட்டியவன்மீது முறைப்பாடு சொல்லப் போகும் கிழவன் தமிழிலே சொல்வான். எழுதுபவர் சிங்களத்திலே எழுதுவார். கிழவன் தான் வாசிக்க முடியாத எழுத்தின்கீழே கையொப்பம் வைப்பான். தான் சொன்னதுதான் எழுதப்பட்டதா என்பது மன்றத்திலே மாற்றார் சட்டத்தரணி அதனை வாசித்துக் குறுக்குக் கேள்வி கேட்கும்போதுதான் அவனுக்குத் தெரியவரும்.

இக்குறையைச் சட்டம் அறியாமலில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு மிக நுட்பமாக எழுதப்பட்டது. முறைப்பாடு எந்த மொழியிற் சொல்லப்படுகிறதோ அந்த மொழியிலேயே எழுதப்படல் வேண்டும். உத்தியோகத்தருக்கு அம்மொழி எழுத வராவிட்டால், முறைப்பாட்டுக்காரரையே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். அவரும் எழுத மாட்டாதவராயின், அதற்கான காரணத்தைக் குறித்துவிட்டுத் தேசிய மொழிகளுள் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியிலே பெயர்த்துச் சொல்லவேண்டும். இதைவிடச் சிறப்பாக எழுதுவது அரிது. நோய் அந்தக் கடைசி விலக்கிலேதான் ஒளிந்திருந்தது. தமிழ் தெரிந்தவர் நிலையத்தில் இல்லாதபோது விலக்கே விதியாகிவிடும்.

இதே 1979ஆம் ஆண்டிலே பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதல் மன்றத்தில் ஏற்கத்தக்கது என அது விதித்தது. பிரித்தானியர் தம் பொலிஸ்மேல் வைத்திருந்த பழைய ஐயம் இந்த வழக்குகளுக்கு நீக்கப்பட்டது. தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட ஒப்புதலில் ஒப்பமிட்டு, அதனாலேயே நெடுஞ்சிறை புகுந்த தமிழ் இளைஞர் பலர்.

அதற்கு முன்பே யாழ்ப்பாணம் பொலிஸ்மேல் நம்பிக்கை இழந்திருந்தது. 1974ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிக் கூட்டத்தைப் பொலிஸார் கலைக்கப் புகுந்தபோது மின்கம்பி அறுந்து வீழ்ந்து, ஒன்பது பேர் மாண்டனர். அரசாங்கம் விசாரணைக்குழு அமைக்காதபோது குடிமக்களே ஒன்றை அமைத்தனர். ஓய்வுபெற்ற நீதியரசர்களாகிய டி கிறெற்சர், மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் குலேந்திரனும் அதில் அமர்ந்து, பொலிஸார் பிழைசெய்தனர் எனத் தீர்த்தனர். அத்தீர்ப்பை ஏற்று அரசாங்கம் எவர்மீதும் நடவடிக்கை எடுக்கவில்லை. 1977ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஒரு களியாட்ட விழாவில் எழுந்த சச்சரவைத் தொடர்ந்து யாழ்ப்பாணச் சந்தை எரிந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தேர்தற் கூட்டமொன்றிற் பொலிஸார் சுடப்பட்டபின், தேர்தற் கடமைக்கென வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸார் கட்டுமீறினர். நகரிலே ஈழநாடு பத்திரிகை அலுவலகமும், பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் இல்லமும், ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகமும் சாம்பராயின. மறு ஆண்டிலே ருத்திரா இராசசிங்கம் என்னும் தமிழர் நாட்டின் பொலிஸ் மாஅதிபரானார். 1985 வரை பதவியில் இருந்தார். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்து நெருப்பு அவர் காலத்திலேயே நடந்தது. உச்சியில் ஒருவர் தமிழராயிருப்பதனால் அடியிலுள்ள மேசை மாறிவிடாது.

சீர்திருத்தம் பேசப்படாமலில்லை; பேச்சுக்குக் குறைவேயில்லை. 1946ஆம் ஆண்டில் நீதியரசர் சோர்ட்ஸ் தலைமையிலும், 1970ஆம் ஆண்டில் முன்னாட் பிரதம நீதியரசர் பஸ்நாயக்க தலைமையிலும் ஆணைக்குழுக்கள் ஆராய்ந்தன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணத்துக்கென ஒரு பொலிஸ் பிரிவையும், மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும், மாகாணத்திலேயே ஆட்சேர்ப்பையும் வகுத்தது. தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2013ஆம் ஆண்டில் வட மாகாண சபை கூடியது. 2018 ஒக்ரோபரிற் பதவிக்காலம் முடிந்து கலைந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஒரு மாகாணப் பொலிஸ்காரரையேனும் அது நியமிக்க முடியவில்லை. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கதையும் இதைப்போன்றதே. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு அதிகாரம் கொடுத்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பெரும்பாலும் பறித்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் திருப்பிக் கொடுத்தது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1990 தொடக்கம் 1995 வரை குடாநாட்டில் அரசாங்கப் பொலிஸ் இல்லை. விடுதலைப் புலிகளின் காவற்றுறை இருந்தது. அது தமிழிலே எழுதியது. ஆனால் எழுதியவரைக் கேள்வி கேட்கும் உரிமை அங்கும் ஊராருக்கு இருந்ததில்லை. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகியது. அதன்பின் அங்கே சந்தியிலும் வீதியிலும் மக்கள் கண்ட அதிகாரம் இராணுவமே. 2011ஆம் ஆண்டில் அளவெட்டிக் கூட்டத்திலே பொலிஸார் அடிபட்டு நின்றதன் பின்னணி இது.

எந்த மாதிரியை வைத்து இலங்கைப் பொலிஸ் வார்க்கப்பட்டதோ அந்த மாதிரியே பிற்காலத்தில் உடைத்து வார்க்கப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். வட அயர்லாந்திலே கத்தோலிக்கர் சனத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலிருக்க, பொலிஸிலே நூற்றுக்கு எட்டுப் பேரளவிலேயே இருந்தனர். 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையை அடுத்துப் பற்றன் ஆணைக்குழு 1999இல் 175 விதப்புரைகளைத் தந்தது. 2001ஆம் ஆண்டில் பொலிஸின் பெயர் மாறியது; சின்னம் மாறியது. புதிதாகச் சேர்வோரிற் பாதிப்பேர் கத்தோலிக்கராயிருக்க வேண்டும் எனச் சட்டம் விதித்தது. பொலிஸார்மேல் வரும் முறைப்பாட்டைப் பொலிஸார் அல்லாத ஒருவரே விசாரிக்கும் அலுவலகம் முந்திய ஆண்டே தொடங்கிவிட்டது. பத்தாண்டில் கத்தோலிக்கர் பங்கு நூற்றுக்கு முப்பதளவாயிற்று. பழைய பகை முற்றாக மறைந்துவிடவில்லை. ஆயினும் முறைப்பாட்டை ஏற்பவர் அண்டை வீட்டுக்காரராய் இருக்கக்கூடும் என்ற நிலை வந்தது.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆம் நாள் இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தனர். முதலில் அது வீதி விபத்தென்றே சொல்லப்பட்டது. பிணப் பரிசோதனை துப்பாக்கிச் சூட்டைக் காட்டியபின்னரே பொலிஸார் ஐவர் கைதாயினர். 2018ஆம் ஆண்டு யூன் மாதம் அளவெட்டிக்கு அயலிலுள்ள மல்லாகத்திலே, தேவாலயத்தின் அருகே, பொலிஸ் சூட்டில் ஓர் இளைஞர் மாண்டார். பொலிஸார் சொன்னதும் ஊரார் சொன்னதும் ஒன்றுபடவில்லை.

2023ஆம் ஆண்டு நவம்பரில் சித்தங்கேணி இளைஞர் ஒருவர் களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸாராற் கைதுசெய்யப்பட்டார். அம்மாதம் 19ஆம் நாள் இறந்தார். முன்னைய வழக்குகளில் ஊரார் ஒரு கதை சொல்லப் பொலிஸ் புத்தகம் வேறொரு கதை சொல்லும். இம்முறை அவ்விளைஞர் இறக்குமுன் தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாலேயே சொன்னது கைத்தொலைபேசியிற் பதிவாகியிருந்தது. ஊர் முழுவதும் அதனைக் கேட்டது. சட்டத்தரணிகள் திரண்டனர், நீதவான் விசாரணை நடந்து, பொலிஸார் சிலர் கைதாயினர். அந்த வாக்குமூலம் தமிழிலே இருந்தது. சொன்னவர் சொன்னபடியே இருந்தது. எந்தப் பொலிஸ் நிலையத்தின் புத்தகத்திலும் எழுதப்படாதிருந்தது.