எல்லைக்கோடு வளர்த்த ஊர்கள்: பிரெஞ்சிந்தியாவைச் சுற்றிவர ஒரு வழிகாட்டி

பிரெஞ்சிந்தியா என்றுமே ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. சோழமண்டலக் கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், மலையாளக் கரையில் மாஹே, கோதாவரிக் கழிமுகத்தில் ஏனாம், வங்காளத்து ஊக்ளி ஆற்றங்கரையில் சந்தன்நகர் என ஐந்து துண்டுகளாக அது சிதறிக் கிடந்தது. இன்று புதுச்சேரிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையையும் அதையொட்டிய மஞ்சள் சுவர்த் தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிரெஞ்சு ஆட்சி இம்மண்ணில் எப்படி நடந்தது என்பதை அந்த நாலைந்து தெருக்களை விட, அதிகம் பேர் எட்டிப் பார்க்காத மற்ற ஊர்களே தெளிவாகச் சொல்லும். சாலை வழியாகவே அவற்றைச் சுற்றிவர முடியும்.

புறப்பட ஏற்ற இடம் கதிர்காமம். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த இப்பகுதி இன்று அரசு மருத்துவக் கல்லூரியால் அறியப்படுகிறது. அந்தக் கல்லூரி அமைந்திருக்கும் வழுதாவூர் சாலை 18ஆம் நூற்றாண்டில் படைகள் நடமாடிய திசையில் போகிறது. ஐதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட நாசிர் ஜங் 1750இல் பெரும்படையுடன் வழுதாவூர்ப் பக்கம் முகாமிட்டிருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சி அருகே கொல்லப்பட்டார். 1760இல் வழுதாவூர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. வென்றவர்கள் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நகர் பிரான்சிடம் திரும்பியபின் 1765இல் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் எழுப்பப்பட்ட நகரமே இன்றைய பழைய புதுச்சேரியின் அடிப்படை.

வழுதாவூர் இப்போது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் எந்தச் சாலையில் போனாலும் இப்படித்தான்: சிறிது தூரத்தில் தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் காலத்தில் நவாபுப் போட்டிகளின்போது கிடைத்த வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையில் உறுதி செய்யப்பட்டன. ஆனால் கிடைத்த கிராமங்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. நடுவே இருந்த ஊர்கள் ஆங்கிலேயரிடமே தங்கின. வரைபடத்தில் இன்றும் தெரியும் திட்டுகள் அப்படி விழுந்தவை.

பின்னர் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போன ஊர்கள் 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி பிரான்சிடம் திரும்பியபோது அவை வலுவிழந்திருந்தன. கோட்டை கட்டக்கூடாது, ஒழுங்கைக் காக்கத் தேவையானதற்கு மேல் படை வைக்கக்கூடாது. 1815இல் உப்பு பற்றிய ஒப்பந்தம் ஒன்றும் வந்தது. உள்ளூர்த் தேவை போக மீதி உப்பை ஆங்கிலக் கம்பெனிக்கே விற்க வேண்டும். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைக்கும். பெரிய வாணிபத்துக்கு இனி வழியில்லை என்பதை அந்த ஒப்பந்தமே காட்டிவிட்டது. அதன்பின் இந்த ஊர்களைப் பிழைக்க வைத்தது எல்லைக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம், வேறு வரி, வேறு காவலர் என்ற நிலைமையில்தான் ஒவ்வோர் ஊரின் தனித்தன்மையும் வளர்ந்தது.

தமிழர்களுக்கு நன்கு தெரிந்த சான்று பாரதியார். 1908இல் சென்னையில் கைது நெருங்கியபோது அவர் புதுச்சேரிக்கு வந்தார். ‘இந்தியா’ இதழும் அவர் பின்னால் வந்து இங்கிருந்தே வெளியாயிற்று. சந்தன்நகரில் சில வாரம் மறைந்திருந்த அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் கரையிறங்கினார். வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டு வந்து சேர்ந்தார். 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். புதுச்சேரிக்குள் இருந்த பத்தாண்டுகளில் பிரிட்டிஷ் போலீசாரால் அவரை வேவு பார்க்கத்தான் முடிந்தது.

தெற்கே முதலில் வருவது காரைக்கால். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். டேனியர்கள் 1845 வரை வைத்திருந்த தரங்கம்பாடியை இடையில் பார்த்துவிடலாம். தஞ்சை மராட்டிய அரசுடன் பேரம் நடந்து, ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படை உதவியோடு 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. காவிரிப் படுகையின் நெல்லுக்காகவே அவர்கள் இதை விரும்பினார்கள். திருநள்ளாறு சனீசுவரன் கோயிலுக்கு வருபவர்கள் ஏராளம். அவர்களில் காரைக்கால் துறையை நினைப்பவர்கள் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைப் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஏற்றி அனுப்பிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. குவாதலூப் தீவுக்கான முதல் தொகுதியினரை ஏற்றிய ‘ஒரேலி’ கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று அங்கே சேர்ந்தது. குவாதலூப், மர்த்தினிக், ரெயூனியோன் தீவுகளில் இன்று வாழும் தமிழ் வம்சாவளியினரின் கதையில் இந்தச் சிறு துறைக்கு உள்ள இடம் பெரிது. அதற்குரிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை.

மாஹே செல்ல நாட்டை மேற்கே கடக்க வேண்டும். கோழிக்கோட்டுக்கும் தலச்சேரிக்கும் இடையில், மய்யழி ஆறு கடலில் சேரும் இடத்தில், ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் ஊர் இது. மிளகுக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் 1721இல் இங்கே வந்தார்கள். ஊர் சிறியது, ஆனால் ஒரு பெரும்போரில் இதற்குப் பங்குண்டு. ஐதர் அலிக்குப் பிரெஞ்சுத் தளவாடங்கள் இத்துறை வழியாகத்தான் போயின. 1779இல் ஆங்கிலேயர் மாஹேயைக் கைப்பற்றியது, அடுத்த ஆண்டு இரண்டாம் மைசூர்ப் போர் மூண்டதற்கு ஒரு காரணம். அக்டோபரில் நடைபெறும் புனித தெரேசாள் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலையாளிகள் சாதி மதம் பாராமல் கூடுகிறார்கள். மற்ற நாட்களில் நெடுஞ்சாலையில் வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது வரிசையான மதுக்கடைகள். கேரளத்தை விடக் குறைந்த வரி அவற்றை வளர்த்தது. எல்லைக்கோடு இங்கே இன்னும் வேலை செய்கிறது.

ஏனாம், புதுச்சேரியிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் அப்பால், காக்கிநாடாவுக்குத் தெற்கே கௌதமி கோதாவரியின் கரையில் இருக்கிறது. 1723இல் தொடங்கி, இலாபமில்லை என்று கைவிட்டு, 1731இல் மீண்டும் நிறுவிய துணி வாணிபத் தளம். இங்கே எல்லைக்கோடு ஒரு வேதனையான வழக்கத்துக்கும் இடம் கொடுத்தது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930இல் பிரிட்டிஷ் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சு மண்ணில் அது செல்லவில்லை. சுற்றியிருந்த தெலுங்கு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் ஏனாமுக்கு வந்து சிறுமிகளுக்குத் திருமணம் முடித்துச் சென்றன. புரட்சியாளர்களுக்கு நிழல் தந்த அதே கோடு இந்தக் கொடுமைக்கும் நிழல் தந்தது. வரலாற்றில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடக் கூடாது.

சந்தன்நகர் கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ளது. 1731 முதல் பத்தாண்டுகள் இங்கே தலைவராக இருந்த துப்ளேக்ஸ் இதைச் செழித்த துறைமுகமாக்கினார். 1757 மார்ச்சில் ஆங்கிலத் தளபதிகள் கிளைவும் வாட்சனும் தாக்கியதும் அந்தச் செழிப்பு முடிந்தது. ஆற்றையொட்டிய ஸ்ட்ராண்டு நடைபாதையும், அருங்காட்சியகமாக உள்ள பழைய ஆளுநர் மாளிகையும் ஒரு முழுநாள் தங்கிப் பார்க்கத் தகுந்தவை.

ஐந்து ஊர்களும் ஒரே நாளில் விடுபடவில்லை. 1949 ஜூன் 19 அன்று சந்தன்நகரில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் சேர 7,473 பேரும் எதிராக 114 பேரும் வாக்களித்தார்கள். 1950இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்த அவ்வூர் 1954இல் மேற்கு வங்கத்துடன் இணைந்தது. மற்ற நான்கு ஊர்களின் எல்லைகளில், பிரிட்டிஷ் இந்தியாவுடன் 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949இல் முடிந்தபின், காவல் இறுகியது. அன்றாடப் பண்டங்களுக்கே தட்டுப்பாடு வந்தது. 1954இல் நெட்டப்பாக்கம், ஏனாம், மாஹே என ஒவ்வொன்றாகக் கைமாறின. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். வாக்களித்த இடத்தில் இன்று ஒரு நினைவிடம் இருக்கிறது. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நிறைவேறியது. 1963 ஜூலை 1 முதல் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒரே ஒன்றியப் பகுதியாக இயங்குகின்றன.